கண்ணெல்லாம் நார்மல் மேடம்

கண்ணைப் பரிசோதிக்கும் கருவியில் தாடையை வைக்கும் இடத்தில் யாரோ ஒருவருடைய முகப்பவுடர் வேர்வையில் குழைந்து ஒட்டியிருந்தது. அதன் மேல் ஒரு நரைமுடி. நெற்றி படும் பட்டையில் விபூதிக் கறை. "வையுங்க மேடம், தாடையை நல்லா அழுத்தி வையுங்க" என்றாள் பரிசோதனை செய்யும் பெண். நான் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன். பழுப்பாக ஒரு தடம் விழுந்தது. அதை மறுபடி கைப்பையில் வைக்க மனம் வராமல் அங்கேயே குப்பைக்கூடையில் போட்டேன். பெரிய இடத்துப் பொம்பளை வந்துவிட்டாள் என்று அந்தப் பெண் நினைத்தது அவள் முகத்தில் தெரிந்தது.

நான் பெரிய இடத்துப் பொம்பளை இல்லை. இரும்புலியூரில் வாடகை வீடு. மறைமலை நகரில் கார்களுக்கு ரப்பர் வளையங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடிக்கு அடியில் வளையங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, பிசிறு இருந்தால், கீறல் இருந்தால், காற்றுக்குமிழ் இருந்தால் ஒதுக்கி வைக்க வேண்டும். பல வருஷமாக இதே வேலை செய்வதாலோ என்னவோ, எங்கே போனாலும் என் கண்ணில் முதலில் படுவது அழுக்குதான். ஓட்டலில் டம்ளரின் விளிம்பு, பஸ்ஸில் கம்பியின் பிசுபிசுப்பு, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவரின் நகக்கண். என் வீட்டுக்காரர் என்னோடு வெளியே சாப்பிட வருவதையே விட்டுவிட்டார்.

முப்பத்தைந்து வயது தாண்டியபோது எனக்கு லூபஸ் என்று கண்டுபிடித்தார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்கும் நோய். காலையில் விரல்கள் வீங்கி மடங்காது. வெயிலில் நின்றால் இரண்டு கன்னமும் சிவந்து தடிக்கும். மூட்டு நோய்களைப் பார்க்கும் ஒரு டாக்டரம்மா ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

"நல்ல மாத்திரை. பயப்படாதீங்க. ஆனா வருஷக்கணக்கில சாப்பிடணும். சில பேருக்கு அது விழித்திரையைக் கெடுக்கும். கெட்டது திரும்ப வராது. அதனால இப்ப ஒரு தடவை கண்ணைக் காட்டிடுங்க. அப்புறம் தவறாம காட்டிட்டே இருங்க. கெட ஆரம்பிக்கும்போதே பிடிச்சுட்டா மாத்திரையை மாத்திடலாம்" என்றார்.

கண்தான் எனக்குச் சோறு போடுகிறது. பயந்துபோய் அடுத்த வாரமே தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய அந்தக் கிளினிக்குக்குப் போனேன். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே கிளினிக். கடை வாசல் படிகளும் மாடிப் படிக்கட்டும் முழுக்கப் பளபளக்கும் கறுப்புக் கிரானைட். ஏறினாலும் கடை வழியாகத்தான் ஏற வேண்டும், இறங்கினாலும் கடை வழியாகத்தான் இறங்க வேண்டும்.

ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரிதான் நடக்கும். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவேன். "சூப்பர் மேடம், சிக்ஸ் பை சிக்ஸ்" என்பாள் அந்தப் பெண். பிறகு கண் டாக்டர், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஏதோ மனை விலை பேசியபடியே என் கண்ணில் ஒரு வெளிச்சத்தை அடிப்பார். அவர் மூச்சில் சாம்பார் வாடை வரும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"டாக்டர், நான் மாத்திரைக்காக வந்திருக்கேன். விழித்திரையைப் பார்க்கச் சொல்லியிருக்காங்க."

"அதான் பாத்துட்டேனே. கண்ணெல்லாம் நார்மல் மேடம்."

கீழே இறங்கினால் கடைக்காரர் தட்டில் பிரேம்களை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார். கண்ணாடியில் 'ஹா' என்று வாயால் ஊதி, சட்டை நுனியால் துடைத்து, அப்படியே என் மூக்கில் மாட்டிவிட வருவார். அவர் வாய் ஈரம் என் கண்ணுக்கு முன்னால் பனிபோலப் படர்ந்து மறைவதைப் பார்த்து ஒருமுறை எனக்கு உண்மையிலேயே குமட்டிக்கொண்டு வந்தது. கர்ச்சீப்பை வாயில் பொத்திக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன்.

இப்படியே ஐந்தாறு வருஷம் போனது. ஒருநாள் என் மூட்டு டாக்டரம்மா, கிளினிக்கில் என்னென்ன செய்தார்கள் என்று விவரமாகக் கேட்டார். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எழுத்துப் படிக்கிறது கண்ணாடி போடறதுக்கு. இந்த மாத்திரை கெடுக்கிற கண்ணு கடைசி வரைக்கும் எழுத்துப் படிக்கும். எனக்கு வேண்டியது ரெண்டு டெஸ்ட். விழித்திரை ஸ்கேன் ஒண்ணு, பீல்டு டெஸ்ட் ஒண்ணு. கண்ணு நேராப் பாக்கும்போது சுத்திலும் எவ்வளவு தெரியுதுன்னு பாக்கிறது. ரெண்டுமே இத்தனை வருஷம் எடுக்கலையா?"

"நார்மல்னு சொன்னாங்க டாக்டர்."

"எதைப் பாத்து நார்மல்?"

இரண்டு டெஸ்ட்டின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். என் தொழிற்சாலையில் ஒரு வளையத்தைக் கையிலேயே எடுக்காமல் 'ஓ.கே.' முத்திரை குத்தினால் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். இவர்கள் என் கண்ணுக்கு வருஷா வருஷம் அப்படித்தான் முத்திரை குத்தியிருக்கிறார்கள். மின்சார ரயிலில் தாம்பரம் திரும்பும் வழியெல்லாம் வாயில் ஒரு கசப்பு ஊறிக்கொண்டே இருந்தது.

ஆனாலும் மறுபடி அதே கிளினிக்குக்குத்தான் போனேன். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் அதுதான் பக்கம். இரண்டு கருவியும் தங்களிடம் இருப்பதாகப் போனில் சொன்னார்கள்.

அன்றைக்குக் காத்திருக்கும் கூடத்தில் மீன்கார அக்கா உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருமுனையில் மீன் விற்பவள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து விடியற்காலையில் கேளம்பாக்கம் வழியாக பஸ்ஸில் வருவாள். எனக்கு அவளைப் பிடிக்காது. நேற்றைய மீனை இன்றைய மீனோடு கலந்து வைப்பாள். கேட்டால் வாய்க்கு வந்தபடி திட்டுவாள். போன சில மாதங்களாக அவள் விரல்களில் அழுக்குத் துணிக்கட்டுகள் வேறு. அரிவாள்மனையில் வஞ்சிரத்தைத் துண்டு போடும்போது கட்டிலிருந்து கசிந்த அவளுடைய ரத்தம் மீன் துண்டில் சொட்டியதை ஒருநாள் பார்த்தேன். அந்தத் துண்டு எங்கள் பையில்தான் விழுந்தது. வீட்டுக்கு வந்து பையோடு தெருநாய்க்கு வீசிவிட்டேன். அதற்குப் பிறகு அவளிடம் மீன் வாங்குவதில்லை.

கூடத்தில் அவளைச் சுற்றி நாலைந்து நாற்காலிகள் காலியாக இருந்தன. வரவேற்பில் இருந்த பெண் எழுந்து வந்து அவள் தலைக்கு மேலே மல்லிகை வாசனை ஸ்பிரேயை இரண்டு தடவை அடித்துவிட்டுப் போனாள். ஏதோ கொசுவுக்கு அடிப்பதுபோல. மீன் வாடையும் மல்லிகையும் கலந்து ஒரு நாற்றம் எழும்பியது. மீன் நாற்றமே தேவலை என்று தோன்றியது. நான் போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் மேல் இரக்கத்தால் அல்ல, அந்த வரவேற்புப் பெண் மேல் வந்த எரிச்சலால்.

"இன்னாமா, நீயும் இங்கதான் வரியா?" என்றாள் அக்கா. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"உங்களுக்கு என்னக்கா ஆச்சு?"

"புரைன்னான். சரி, அறுத்துக்கோன்னேன். அறுத்து ரெண்டு மாசமாச்சு. அப்பவும் அதே பேஜார்தான். மீன் தலையப் பாத்தா தலை தெரியுது, வாலக் காணோம். வாலப் பாத்தா தலையக் காணோம். பாக்குற எடம் மட்டும் தெரியுது, அதச் சுத்தி பொகை புடிச்சாப்புல கீது. கத்தி ஒரு பக்கம், வெரல் ஒரு பக்கம். தா பாரு." பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். ஏழில் வெட்டுத் தழும்பு இருந்தது.

இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். ஒன்றைப் பிதுக்கி, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள். அந்த அட்டையை எனக்கு நன்றாகத் தெரியும். என் கைப்பையிலும் அதே அட்டை இருந்தது.

"அக்கா, இது எதுக்குச் சாப்பிடுறீங்க?"

"முடக்குவாதம்மா. கை காலெல்லாம் இஸ்துகினு கெடந்தேன். இத்தத் தின்னப்புறம்தான் எழுந்து நடந்தேன். பத்து வருசத்துக்கு மேல ஆவுது. காலீல ஒண்ணு, ராவுல ஒண்ணு."

"யார் பாக்கிறாங்க உங்களை? எந்த டாக்டர்?"

"எப்பவோ ஒரு டாக்டரு எழுதுனாரு. அந்தச் சீட்டக் காட்டி மெடிக்கல்ல வாங்கிக்குவேன். இப்பல்லாம் சீட்டே வேணாம். என் மூஞ்சியப் பாத்தாலே எடுத்துக் குட்த்துடுவான்."

"இங்க கண் டாக்டர்கிட்ட இந்த மாத்திரையைப் பத்திச் சொன்னீங்களா?"

"சொல்லாம? சுகர் மாத்திர கீதா, பிரஷர் மாத்திர கீதான்னு கேட்டான். அது ஒண்ணியும் இல்ல, முட்டிக்கு ஒரு மாத்திர திங்கறேன்னேன். முட்டிக்கும் கண்ணுக்கும் இன்னா ஆயா சம்பந்தம்னு கேட்டு அப்டியே சிரிக்கிறான்."

அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். பீல்டு டெஸ்ட் கருவி ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருந்தது. ஈரச் சுவர் வாடை. ஒரு கண்ணை மறைக்க அந்தப் பெண் கொடுத்த மூடியின் உட்புறம் ஈரமாக இருந்தது. எனக்கு முன்னால் போனவருடைய கண்ணீரோ, சொட்டு மருந்தோ. "வேற இல்லையா?" என்றேன். "எல்லாருக்கும் இதான் மேடம்" என்றாள். பஞ்சு கேட்டு வாங்கி உள்ளே வைத்துக்கொண்டேன்.

டெஸ்ட் இதுதான்: வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நடுவிலிருக்கும் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. சுற்றிலும் எங்காவது சின்னதாக வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். நான் அமுக்க ஆரம்பித்தேன். அன்றைக்குக் காலையிலிருந்தே என் விரல்கள் வீங்கியிருந்தன. அமுக்குவதில் தாமதம் ஆனது. பின்னால் அந்தப் பெண்ணின் போனில் ஏதோ ஒரு சீரியலின் அழுகை ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், ரொம்ப ஸ்லோவா போறீங்க. வெளியில இன்னும் எட்டுப் பேர் இருக்காங்க."

"விரல் வலிக்குது. கொஞ்சம் நிறுத்திட்டு செய்யலாமா?"

"நிறுத்தவெல்லாம் வேணாம். குடுங்க இப்படி."

என் கையிலிருந்த பொத்தானை அவள் வாங்கிக்கொண்டாள். நான் புரியாமல் முகத்தை எடுக்கப் பார்த்தேன். "தாடைய எடுக்காதீங்க. நீங்க பாத்துட்டே இருங்க, போதும். எங்க வெளிச்சம் வருதுன்னு எனக்கு இங்க ஸ்கிரீன்ல தெரியும். நானே அமுக்கிடறேன்."

சில நொடிகள் அப்படியே இருந்தேன். என் முகம் கிண்ணத்துக்குள். காதுக்குப் பின்னால் 'டிக், டிக்' என்று அவள் அமுக்கும் சத்தம். எனக்குத் தெரியாத வெளிச்சத்துக்கும் 'டிக்'. நான் இமை மூடியிருந்தபோதும் 'டிக்'. யாரோ என் வாய்க்குள் கையை விட்டு எனக்காகச் சோறு மெல்லுவதுபோல இருந்தது. உடம்பெல்லாம் கூசியது. முகத்தை இழுத்துக்கொண்டு எழுந்தேன்.

"என்ன பண்றீங்க நீங்க? கண்ணு யாரோடது?"

அவள் பயப்படக்கூட இல்லை. "சரியா வரலைன்னா டாக்டர் என்னைத்தான் திட்டுவாரு மேடம். வயசானவங்க பாதிப் பேருக்கு நாந்தான் அமுக்குவேன். நார்மல் வந்தா உங்களுக்கும் நல்லதுதானே?"

டாக்டர் அறைக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மீன்கார அக்கா. சுவரில் எண்கள் எழுதிய பலகையை எட்டு, மூன்று, ஐந்து என்று ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருந்தாள். "பாத்தியா ஆயா, கடைசி வரி வரைக்கும் படிக்கிற! ஆபரேஷன் சூப்பர் சக்ஸஸ். அடுத்த மாசம் அந்தக் கண்ணையும் பண்ணிடலாம்" என்றார் டாக்டர்.

"எட்டப் பாத்தா எட்டு மட்டும்தான் தெரியுது சார். பக்கத்துல மூணு கீறது தெரில. தேடிக் கண்டுபுடிச்சுப் படிக்கிறேன்."

"வயசாச்சுன்னா அப்படித்தான்."

நான் உள்ளே போய்விட்டேன். "டாக்டர், அவங்களும் நான் சாப்பிடுற அதே மாத்திரைதான் சாப்பிடுறாங்க. பத்து வருஷத்துக்கு மேல. ரெண்டு வேளையும். அவங்களுக்கு ஸ்கேன் எடுத்தீங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு மேடம்? அவங்க கூட வந்த அட்டெண்டரா?"

"உங்க டெஸ்ட்டுல என் பொத்தானை உங்ககிட்ட வேலை பாக்கிற பொண்ணு அமுக்குறா. அதாவது தெரியுமா உங்களுக்கு?"

"மேடம், ரிப்போர்ட் நார்மல் வந்தா சந்தோஷப்படணும். சண்டை போடக் கூடாது." சொல்லிக்கொண்டே சானிடைசரை எடுத்துக் கையைத் தேய்த்துக்கொண்டார். அக்காவைத் தொட்ட கையை.

நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். அவள் கையில் செதில் ஒட்டியிருந்தது. கடைக்காரர் தட்டோடு எதிரே வந்தார். "தள்ளுய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் தட்டோடு ஒதுங்கினார்.

"இன்னாமா, இன்னாத்துக்கு இப்டி இஸ்துகினு வர?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் அக்கா. ரோட்டோர ஜூஸ் கடை ஓரமாக நிறுத்தி, டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் சுருக்குப்பையிலிருந்து அட்டையை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுவா? இதுதான் என்னிய நடக்க வச்சுது" என்றாள். அட்டையை மறுபடி சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் தாம்பரத்தில் பீச் போகும் மின்சார ரயிலைப் பிடித்து நகரத்துக்குள் இருக்கும் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கேயும் அருவருப்புக்குக் குறைவில்லை. கழிப்பறையில் செருப்பு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். வெற்றிலை எச்சில் தெறித்த மூலைகள். கண்ணைப் பெரிதாக்கும் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் கன்னங்களில் மருந்து நீர் வழிந்தது. நானும் அவர்களில் ஒருத்தியாக, வழிவதைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் உள்ளே கூப்பிட்டபோது, தாடை வைக்கும் இடத்தில் தாளை மாற்றினார்கள். நெற்றிப் பட்டையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்கள். விரல் வலிக்கிறது என்றதும் டெஸ்ட்டை நிறுத்திவைத்து, கையை உதறிக்கொள்ளச் சொல்லி, பிறகு தொடர்ந்தார்கள். பொத்தானை யாரும் என்னிடமிருந்து வாங்கவில்லை. அவ்வளவுதான். அதற்கே எனக்குக் கண் கலங்கியது. மருந்தாலா, வேறெதனாலா என்று தெரியவில்லை.

விழித்திரை டாக்டர் ஓர் இளம்பெண். என்னுடைய படங்களை முதலில் பார்த்தார். "உங்களுக்கு இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. பயந்துபோய் நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க. உங்க நோய்க்கு அது வேணும். வருஷா வருஷம் இந்த ரெண்டு டெஸ்ட்டையும் எடுத்துட்டே இருங்க" என்றார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"அம்மா, உங்க எடை என்ன?"

"யாரு பாத்தா? மீனத்தான் எடை போடுவேன்."

எடைக் கருவியில் ஏற்றினார்கள். நாற்பத்திரண்டு கிலோ. டாக்டர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். "எடைக்குத் தகுந்த மாதிரி குடுக்கணும்மா இதை. நீங்க சாப்பிட்டது உங்க உடம்புக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதுவும் பத்து வருஷத்துக்கு மேல."

கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அக்காவின் பார்வைப் படத்தில் நடுவில் ஒரு சின்ன வெள்ளை. அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். "நடு நல்லா இருக்கு. அதனாலதான் எழுத்தையும் எண்ணையும் படிச்சீங்க. சுத்திலும் போயிருக்கு."

"அப்போ அந்தப் புரை?"

"லேசா புரை இருந்திருக்கலாம். ஆனா நீங்க சொல்ற தொந்தரவு அதனால வந்தது இல்ல."

"இது எப்போ சரியாவும்?"

டாக்டர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "போனது வராதும்மா. மாத்திரையை நிறுத்துன பிறகும் கொஞ்சம் கூடலாம். நிறுத்தலைன்னா நடுவும் போயிடும். முடக்குவாதத்துக்கு வேற மருந்து இருக்கு. மூட்டு டாக்டர்கிட்ட இன்னைக்கே பேசிடறேன்."

அக்கா அழவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கையை முகத்துக்கு முன்னால் நீட்டி, விரல் எந்த இடத்தில் மறைகிறது, எந்த இடத்தில் தெரிகிறது என்று அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். குரோம்பேட்டை தாண்டியதும், "சோமாரிப் பசங்க" என்றாள். பக்கத்திலிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடிந்த கையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. "வரியா?" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. வாளியின் மூடி இடுக்கில் வந்த நாற்றமே சொல்லிவிட்டது. ஷேர் ஆட்டோவில் எங்களை ஏற்ற ஒருவரும் சம்மதிக்காமல் நடந்தே போனோம்.

கிளினிக் வாசலில் அவள் மூடியைத் திறந்தாள். காலையிலிருந்து வெயிலில் இருந்த மீன் கழிவு. குடல், செவுள், செதில், கறுத்த ரத்தத் தண்ணீர். வாசலில் இருந்த கிரானைட் படிகளின் உச்சி வரை ஏறி நின்று அப்படியே சாய்த்தாள். படி படியாகக் குடல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். மேலேயிருந்து அந்த டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஏய்! என்னம்மா பண்ற? நாறுது!"

"நாறுதா? ஒனக்குக் கண்ணும் தெரியுது, மூக்கும் வேல செய்யுது. எனக்குச் சுத்திலும் பொகையா கீது. முட்டிக்கும் கண்ணுக்கும் இன்னா சம்பந்தம்னு கேட்டியே, எறங்கி வா, சொல்றேன். தேவயில்லாம என் கண்ண அறுத்தியேடா பேமானி!"

நடைபாதையில் கூட்டம் சேர்ந்தது. நான் பக்கத்தில் நின்று, யார் கேட்டாலும் நடந்ததைச் சொன்னேன். மாத்திரை பெயரைச் சொன்னேன், பொத்தானைச் சொன்னேன். கூட்டத்தில் ஒரு பெண் தன் மாமியாரும் அதையே சாப்பிடுவதாகச் சொல்லி டெஸ்ட்டுகளின் பெயரைப் போனில் பதிந்துகொண்டாள். என் வாழ்நாளில் அவ்வளவு நாற்றத்துக்கு நடுவில் அவ்வளவு நிம்மதியாக நான் நின்றதில்லை.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. கடைக்காரர் உள்ளே திரும்பி யாரையோ அதட்டினார். துடைப்பமும் வாளியுமாக வெளியே வந்தது கிளினிக்கைக் கூட்டிப் பெருக்கும் அம்மாள். அறுபது வயதிருக்கும். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறும் கையால் குடலை வழிக்கக் குனிந்தாள். மேலேயிருந்த டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குக் குமட்டியது. இது மீனால் வந்த குமட்டல் இல்லை.

அக்கா கொஞ்ச நேரம் அந்த அம்மாளையே பார்த்தாள். "தா, கைய எடு. முள்ளு கீறிடும்" என்றாள். இறங்கிப் போய்த் துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "ஒனக்கில்ல இது. அவனுக்குக் கொண்டாந்தது. அவன் வரமாட்டான்னு தெரியாமப் போச்சு." படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகத் தடவித் தடவிக் கழிவை வாளிக்கே திரும்ப வழித்தாள். அவள் கண்ணுக்குத் தப்பியதை அந்த அம்மாள் விரலால் காட்டினாள். நான் கீழே குழாயிலிருந்து தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். சுத்தமாவதற்கு வெகுநேரம் ஆனது. போலீஸுக்குப் போன் செய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்த கடைக்காரர், கூட்டம் கலையாமல் நிற்பதைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டார்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. மருத்துவத் துறைக்குப் புகார் எழுதினேன். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு பதில் வந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அக்காவுக்கு வேறு மருந்து கொடுத்திருக்கிறார்கள். அதற்கு அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். கை கால் பரவாயில்லை. அரிவாள்மனையில் இப்போது மருமகள் உட்காருகிறாள். அக்கா பக்கத்தில் அமர்ந்து பேரம் மட்டும் பேசுகிறாள். நேற்றைய மீனை இன்றைய மீனோடு கலப்பதை விடவில்லை. நான் செவுளைப் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். திட்டுகிறாள்.

வருஷா வருஷம் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். போன முறை என் விழித்திரை அப்படியே இருந்தது. அவளுடைய வளையம் லேசாக அகன்றிருக்கிறது. நடு மட்டும் தப்பித்திருக்கிறது. அந்த நடுவை வைத்துக்கொண்டு பேத்தியின் முகத்தை ஒவ்வொரு பகுதியாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னாள். முதலில் மூக்கு, பிறகு கண், பிறகு வாய்.

போன மாதம் நானும் அக்காவும் பஸ்ஸில் ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்துகொண்டிருந்தபோது சிக்னலில் வண்டி நின்றது. அந்தக் கிளினிக்கின் முகப்பை மறைத்து ஒரு பெரிய பேனர். டாக்டர் கைகட்டிக்கொண்டு சிரித்தார். அக்கா எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள்தான். ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பார்த்துவிட்டு அலுத்துப்போய், "இன்னா போட்டுகிறான்?" என்றாள்.

படித்துச் சொன்னேன். "மூட்டுவாத மாத்திரை சாப்பிடுபவரா? உங்கள் விழித்திரை பாதுகாப்பாக உள்ளதா? சிறப்புப் பரிசோதனை முகாம். கண்ணாடிகளுக்குத் தள்ளுபடி உண்டு."

பஸ்ஸில் இருந்த யாருக்கும் எங்களைத் தெரியாது. நாங்கள் போட்ட சத்தத்திலிருந்துதான் அந்த ஆள் இந்த வியாபாரத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறான். உள்ளே அதே ஈரச் சுவர் அறை இருக்கும், அதே மூடி இருக்கும், அதே பெண் யாருடைய பொத்தானையோ வாங்கி அமுக்கிக்கொண்டிருப்பாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் குடித்தேன்.

அக்கா ஜன்னல் கம்பியைக் கையால் தடவிப் பார்த்து, இடைவெளி எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொண்டு, தலையை அதற்கு நேராகக் கொண்டுபோய், ரோட்டில் காறித் துப்பினாள்.